ஒரே மணி, வேறு வேறு வேலை: விலங்குகளும் செடிகளும் தங்களை ஒருங்கிணைத்துக்கொள்வது எப்படி?

உடலைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். "எல்லாமே மூளை போடும் உத்தரவுதான்." "அவருக்கு ஹார்மோன் கோளாறு, அதனால்தான் இப்படிக் கோபப்படுகிறார்." "செடிக்கும் மனசு உண்டு, பேசினால் நன்றாக வளரும்." முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, சொல்பவருக்கே என்ன பொருள் என்று தெரியாமல் சொல்லப்படுவது. மூன்றாவதில் ஒரு நல்ல கேள்வி தவறான பதிலுக்குள் சிக்கிக் கிடக்கிறது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். உடலுக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, ஆணை பிறப்பிக்கிறார் என்று நாம் கற்பனை செய்கிறோம். விலங்கு என்றால் அந்த ஆள் மூளை. செடிக்கு மூளை இல்லை. அதனால் செடியைச் சும்மா நிற்கும் பொருள் என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ள மனமில்லாதவர்கள் அதற்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த ஆள் இல்லாமலேயே இந்த வேலைகள் எப்படி நடக்கின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பள்ளிக்கூட மணி

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது. மாணவர்கள் புத்தகத்தை மூடுகிறார்கள். ஆசிரியர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்புகிறார். காவலாளி வாசற்கதவைத் திறக்கிறார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். ஒருவருக்கு அது ‘கிளம்பு’, இன்னொருவருக்கு ‘நிறுத்து’, மற்றொருவருக்கு ‘வா’. மணியின் ஓசையில் இந்தச் சொற்கள் எதுவுமே இல்லை. கேட்பவர் யார், அவர் எதற்குப் பழகியிருக்கிறார் என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது. பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரரின் காதிலும் அதே மணி விழுகிறது. அவர் அசைவதே இல்லை.

உயிரினங்களின் உடலிலும் செய்திகள் இப்படித்தான் போகின்றன. வெளியிலோ உள்ளேயோ ஏற்படும் மாற்றத்தைத் தூண்டல் என்கிறோம்: வெளிச்சம், சூடு, தொடுகை, ரத்தத்தில் சர்க்கரை கூடுவது, மண்ணில் ஈரம் குறைவது. அதற்கு உடல் செய்யும் காரியம் துலங்கல். இரண்டுக்கும் நடுவே ஒரு செய்தி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். செய்தி வந்து சேரும் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று இருக்கும். அதன் பெயர் ஏற்பி. ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தச் செய்தி வந்ததே தெரியாது, எதிர்வீட்டுக்காரரைப் போல.

ஒரே செய்திக்குப் பல பாகங்கள் வெவ்வேறு வேலையைச் செய்து, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒரு காரியமாக முடிவதுதான் ஒருங்கிணைப்பு. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரிய ஆரம்பிக்கும்.

சூடு பட்ட கை

சூடான பாத்திரத்தில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். ‘ஆ, சுடுகிறது’ என்ற உணர்வு அதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. காரணம், கையை இழுக்கும் வேலைக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. தோலிலிருந்து கிளம்பும் செய்தி முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் இடைநிலை நரம்பு செல்கள் அதை வாங்கி, கைத்தசைக்குப் போகும் நரம்பு செல்களிடம் கொடுக்கின்றன. தசை சுருங்குகிறது. செய்தியின் இன்னொரு கிளை மூளைக்கு ஏறிப் போகிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் கை விலகியிருக்கும். யோசனைக்கு இடமில்லாத இந்த உடனடித் துலங்கலுக்கு அனிச்சைச் செயல் என்று பெயர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முழங்கையை மடக்க ஒரு தசை சுருங்கினால் மட்டும் போதாது. முழங்கையை நீட்டும் எதிர்த்தசை அதே நேரத்தில் தளர வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால் கை விறைத்துப்போய் அங்கேயே நிற்கும். ஆகவே வந்த ஒரே செய்தி, தண்டுவடத்தில் ஒரு தசைக்கான பாதையைத் தூண்டி, மற்றதற்கான பாதையை அடக்குகிறது. ஒருங்கிணைப்பு என்றாலே எல்லாவற்றையும் முடுக்கிவிடுவது என்று நினைக்கிறோம். அதில் பாதி வேலை, தேவையில்லாததைச் சும்மா இருக்க வைப்பதுதான்.

காலில் ஆணி குத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குத்திய கால் மடங்கி மேலே வருகிறது. அதே கணத்தில் மற்றக் கால் விறைப்பாக நீண்டு உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஆணியிலிருந்து தப்பிய கையோடு விழுந்து தொலைத்திருப்போம். இத்தனையும் தண்டுவட மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது.

தண்டுவடம் விபத்தில் முழுவதும் துண்டிக்கப்பட்டவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அடிபட்ட இடத்துக்குக் கீழே அவர்களுக்கு உணர்வு கிடையாது. ஆனாலும் ஆரம்ப அதிர்ச்சி நிலை கடந்த பிறகு, பாதத்தில் குத்தினால் கால் விலகக்கூடும். அவருக்கு வலிக்கவில்லை, குத்தியதே தெரியவில்லை. கால் மட்டும் விலகுகிறது. துலங்கல் வேறு, உணர்வு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செடிகளிடம் வரும்போது தேவைப்படும்.

நரம்புக்குள் ஓடுவது என்ன?

நரம்பை மின்கம்பி என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பியில் மின்சாரச் செய்தி கண்ணிமைப்பதற்குள் எங்கோ போய்விடும். நரம்பில் அப்படி இல்லை. நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்த காலத்தில், ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளைக் காலின் நரம்பை வைத்து அளந்து காட்டினார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். விரைந்து ஓடும் குதிரையை விடக் கொஞ்சம்தான் அதிகம்! மனித உடலின் மிக வேகமான நரம்பிழைகளிலேயே நொடிக்கு 100 மீட்டரை ஒட்டித்தான் வேகம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு மெதுவு? நரம்பு செல்லின் உள்ளே பொட்டாசியம் அயனிகள் அதிகம், வெளியே சோடியம் அயனிகள் அதிகம். அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு. இந்த ஏற்றத்தாழ்வால் செல்லின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. தூண்டல் வந்ததும் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பக்கத்து வாயில்களைத் திறக்க வைக்கிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. ஓர் இடத்தில் இது முடிய ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். இப்படி அடுத்தடுத்த இடத்தில் மீண்டும் மீண்டும் உண்டாகிப் போகும் மின்மாற்றமே நரம்புத் துடிப்பு. ஒவ்வோர் இடத்திலும் வாயில் திறந்து மூட நேரம் எடுப்பதால்தான் அந்த வேகம்.

நரம்பிழைகளில் வேகமானவையும் உண்டு, சோம்பேறிகளும் உண்டு. கால் விரலை மேசையில் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, பிறகு ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொரு வலி. முதலாவது கொழுப்புறை சுற்றிய வேகமான இழை வழியாக வந்தது. இரண்டாவது உறையில்லாத மெல்லிய இழை வழியாக, நொடிக்கு ஒரு மீட்டர் போல நடந்து வந்தது.

அப்புறம் இன்னொரு விஷயம். கொதிக்கிற சூட்டுக்குப் பெரிய துடிப்பு, இளஞ்சூட்டுக்குச் சிறிய துடிப்பு என்று கிடையாது. ஒரு நரம்பு செல்லில் துடிப்பு ஒன்று எழும், அல்லது எழாது. எழுந்தால் ஒரே அளவு. தூண்டல் பலமாக இருந்தால் நொடிக்கு அதிகத் துடிப்புகள் வரும், அவ்வளவுதான். கண்ணிலிருந்து மூளைக்குப் போவதும், காதிலிருந்து போவதும், கால்விரலிலிருந்து போவதும் ஒரே வகைத் துடிப்புதான். பிறகு ஒன்று ஒளியாகவும் மற்றது ஒலியாகவும் எப்படி ஆகிறது? போய்ச் சேரும் இடத்தால். கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். இருட்டில் ஒளிப்புள்ளி தெரியும். அங்கே ஒளியே கிடையாது. அழுத்தம் விழித்திரையைத் தூண்டியது, துடிப்பு பார்வைக்கான மூளைப்பகுதிக்குப் போனது, அந்தப் பகுதிக்குத் தெரிந்தது பார்வை மட்டும்தான்.

இரண்டு தவளை இதயங்கள்

ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே, பெரும்பாலான இணைப்புகளில், மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அந்த இணைப்பிடம் சினாப்ஸ். மின்துடிப்பு இந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறது என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சண்டையாகவே இருந்தது. தீப்பொறி போலத் தாவுகிறது என்று ஒரு கட்சி, வேதிப்பொருள் ஏதோ கசிகிறது என்று இன்னொரு கட்சி.

ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஓட்டோ லோவி என்பவருக்கு விடை ஒரு கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரவில் எழுந்து குறித்து வைத்தார், காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை, அடுத்த இரவு மீண்டும் அதே கனவு வந்தபோது நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். கனவுக் கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் இஷ்டம். 1921-இல் வெளியான சோதனை மட்டும் உறுதியானது. இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியாகத் துடிக்க விட்டார். ஒன்றில் மட்டும் நரம்பு ஒட்டியிருந்தது. அந்த நரம்பைத் தூண்டியதும் முதல் இதயம் மெதுவானது. அதில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்புத் தொடர்பே இல்லாத அதுவும் மெதுவானது. ஆக, நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது. அதுதான் அசிட்டைல்கோலின். இதற்காக லோவியும் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஹென்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதய வேகத்தைக் குறைக்கும் அதே அசிட்டைல்கோலின்தான், கை கால் தசைகளின் நரம்பு முனையில் சுரக்கும்போது தசையைச் சுருங்க வைக்கிறது. பொருள் ஒன்றுதான், இதய செல்லில் உள்ள ஏற்பி வேறு வகை, கைத்தசையில் உள்ள ஏற்பி வேறு வகை. மணி ஒன்று, கேட்கும் காது வேறு.

ரத்தத்தில் போகும் செய்தி

நரம்பு ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான் போகும். உடல் முழுவதுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால்? இங்கேதான் ஹார்மோன் வருகிறது: ஓர் உறுப்பில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்தில் வேலை செய்யும் வேதிப்பொருள்.

1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரக்கும். இது நரம்பு வழியாகத்தான் நடக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தை விட்டார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. குடல் சுவர் வெளியிட்ட செக்ரிட்டின் என்ற பொருள் ரத்தத்தில் போய்ச் சொல்லியிருக்கிறது. ஹார்மோன் என்று முதலில் அடையாளம் காணப்பட்டது இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

ரத்தத்தில் கலந்த ஹார்மோன் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உடலெங்கும் சுற்றிவிடும். எல்லா செல்களையும் தொடும். ஏற்பி உள்ளவை மட்டுமே துலங்கும், அதுவும் தத்தம் வழியில். நாய் துரத்தும்போது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வருகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுகிறது, ஓடும் தசைகளுக்கு ரத்தம் கூடுகிறது, தோலுக்கும் குடலுக்கும் குறைகிறது, செரிமானம் ஓரம்கட்டப்படுகிறது. ஒரே மூலக்கூறு இதயத்திடம் ‘வேகமாக’ என்றும் குடலிடம் ‘பொறு’ என்றும் சொன்னது போல ஆகிவிட்டது. ‘ஓடு’ என்ற முழுக் காரியம் அட்ரினலினுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. அது உடல் முழுவதும் பரவிக்கிடக்கும் ஏற்பிகளில் இருக்கிறது.

‘ஹார்மோன் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் உள்ள சிக்கலும் இங்கேதான். மனித உடலில் ஹார்மோன்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. எந்த ஹார்மோன்? கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? அல்லது சரியாகவே சுரந்தும் ஏற்கும் பக்கம் மந்தமாகிவிட்டதா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

*இதுவரை:* நரம்புச் செய்தி குறிப்பிட்ட இடத்துக்கு விரைவாகப் போய், விரைவாக முடிகிறது. ஹார்மோன் எல்லா இடத்துக்கும் மெதுவாகப் போய், நிமிடங்களோ நாள்களோ நீடிக்கிறது. இரண்டிலும் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெறும் செல்.

நிறுத்துவது யார்?

தொடங்கி வைத்த வேலையை நிறுத்தவும் வேண்டுமே. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் அதைத் தாங்களாகவே உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் சேமிக்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இறங்கியதும் பீட்டா செல்களுக்குத் தூண்டல் போய்விடுகிறது, இன்சுலின் குறைகிறது. மிகவும் இறங்கினால் பக்கத்து ஆல்ஃபா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரந்து, கல்லீரலின் சேமிப்பைத் திறக்க வைக்கின்றன. விளைவே தன் காரணத்தைக் குறைக்கும் இந்தச் சுற்றுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். மூளை இதில் தலையிடக்கூடியதுதான், ஆனால் அடிப்படைச் சுற்று அது இல்லாமலேயே ஓடும்.

நீரிழிவு நோயைப் புரிந்துகொள்ளவும் இதுவே வழி. முதல் வகையில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. செய்தி அனுப்ப ஆளில்லை. டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் முதலானோரின் உழைப்பால் 1922 ஜனவரியில் நோயாளிக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது இந்த வகைக்குத்தான். இரண்டாம் வகையில் தொடக்கத்தில் இன்சுலின் இருக்கும், சிலருக்கு வழக்கத்தை விட அதிகமாகவே இருக்கும். செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பிறகு கணையமும் களைத்துப்போகிறது. ‘இன்சுலின் இல்லாததுதான் சர்க்கரை நோய்’ என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியென்றால் மூளை எதற்கு?

மூளையைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் ஒரு மனித மூளையில் இருக்கின்றன, சும்மா இருக்கவில்லை. பல புலன்களின் செய்தியைச் சேர்த்துப் பார்ப்பது, நேற்று நடந்ததோடு ஒப்பிடுவது, தேவைப்பட்டால் அனிச்சைச் செயலையே அடக்குவது எல்லாம் அதன் வேலை. சூடான பாத்திரத்தைக் கீழே போட்டால் குழந்தை மேல் கொட்டிவிடும் என்று தெரிந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பிடிக்கிறோமே, அது மூளை.

ஆனால் மூளைதான் ஒரே வழி என்று சொல்ல முடியாது. ஜெல்லிமீனுக்கு மூளை கிடையாது, உடல் முழுதும் பரவிய நரம்பு வலை மட்டும் உண்டு. நீந்துகிறது, இரை பிடிக்கிறது. ஆக்டோபஸின் ஏறத்தாழ 50 கோடி நரம்பு செல்களில் பெரும்பகுதி அதன் கைகளில் இருக்கிறது. கடற்பஞ்சுகளுக்கோ நரம்பு செல்லே கிடையாது. அவையும் தொட்டால் மெதுவாகச் சுருங்கும்.

செடியின் நுனியும் தண்டும்

இனி செடிகள். சன்னலோரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. இந்த எளிய காட்சியைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் விடாப்பிடியாகத் துருவினார்கள். 1880-இல் அவர்கள் வெளியிட்ட சோதனைகளில் புல் முளைகள் முக்கியமானவை. முளையின் நுனியை ஒளி புகாத தொப்பியால் மூடினால் அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பகுதியை மூடினால் வளைந்தது. ஆனால் வளைவு உண்டாவது நுனியில் இல்லை, அதற்குக் கீழே. ஒளியை உணரும் இடம் ஒன்று, வளையும் இடம் வேறு. நடுவில் ஏதோ ஒரு செய்தி போயே ஆக வேண்டும்.

பிறகு டென்மார்க்கின் பாய்சன் ஜென்சன் 1913-இல் வந்த தன் ஆய்வில், நுனியை வெட்டி நடுவே ஜெலட்டின் துண்டை வைத்தால் செய்தி அதன் வழியாகக் கசிந்து போவதையும், ஊடுருவ முடியாத மைக்கா தகடு அதைத் தடுப்பதையும் காட்டினார். நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் இன்னும் ஒரு படி போனார். வெட்டிய நுனிகளைக் கொஞ்ச நேரம் அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) துண்டின் மேல் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்த அகரை மட்டும் நுனியில்லாத முளையின் ஒரு பக்கத்தில் வைத்தார். இருட்டில், ஒளியே இல்லாமல், முளை வளைந்தது. 1920-களின் கடைசியில் வந்த இந்த வேலைதான் ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைக் கையில் பிடித்துக் கொடுத்தது.

நடப்பது இதுதான். ஒரு பக்கமிருந்து ஒளி வந்தால் ஆக்சின் நிழல் பக்கம் அதிகமாகச் சேர்கிறது. அங்குள்ள செல்கள் கூடுதலாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் அப்படியே இருந்தால் தண்டு வளையத்தானே வேண்டும்? செடி ஒளியை ‘விரும்பி’த் திரும்புவதாகச் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் நீண்டவை ஒளி படாத பக்கத்துச் செல்கள்.

வேரைப் பார்த்தால் கதை தலைகீழ். செடியைக் கிடையாகப் படுக்க வைத்தால் வேர்நுனிச் செல்களில் இருக்கும் கனமான மாவுச்சத்து மணிகள் கீழ்ப்பக்கமாகச் சரிகின்றன. அதைத் தொடர்ந்து ஆக்சின் வேரின் கீழ்ப்பக்கம் சேர்கிறது. தண்டில் என்றால் அந்தப் பக்கம் நீண்டு, தண்டு மேலே வளையும். வேர் செல்களுக்கோ அந்த அளவு ஆக்சின் வளர்ச்சியைத் தடுக்கிறது. கீழ்ப்பக்கம் தடைபட, மேல்பக்கம் நீள, வேர் மண்ணை நோக்கி இறங்குகிறது. அசிட்டைல்கோலினிடம் பார்த்த அதே சங்கதி, நரம்பே இல்லாத ஓர் உயிரில்.

சூரியகாந்தி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பூ நாள் முழுக்கச் சூரியனைப் பின்தொடர்கிறது என்பது பாதிதான் சரி. அப்படித் திரும்புவது வளர்ந்துகொண்டிருக்கும் இளஞ்செடி. தண்டின் இரு பக்கமும் மாறி மாறி வளர்வதால் அது நடக்கிறது. வளர்ச்சி நின்று முழுதாக மலர்ந்த பூக்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நின்றுவிடுகின்றன.

ஆக்சின் மட்டுமா?

இல்லை. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைத்துளைகளைச் சுற்றியுள்ள செல்களிலிருந்து அயனிகளையும் தண்ணீரையும் வெளியேற வைத்து, துளைகளை மூடுகிறது. அதே அமிலம் விதைக்குள் இருக்கும்போது முளைப்பதைத் தள்ளிப்போடுகிறது. எத்திலீன் இன்னும் விசித்திரம், அது ஒரு வாயு. ரஷ்யாவின் நெல்யுபோவ் 1901-இல், ஆய்வகத்தில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதற்குக் காரணம் விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் என்று கண்டார். பல பழங்கள் பழுக்கும்போது எத்திலீனை வெளியிடுகின்றன. அது மேலும் எத்திலீன் உண்டாகத் தூண்டுகிறது. இன்சுலின் சுற்றுக்கு நேர்மாறாக, இங்கே விளைவே தன் காரணத்தைக் கூட்டுகிறது. இது நேர்மறைப் பின்னூட்டம். அதனால்தான் பழுக்கத் தொடங்கியது பாதியில் நிற்பதில்லை, பக்கத்துப் பழத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது.

*இதுவரை:* செடிகளிலும் உணரும் இடம், பயணிக்கும் செய்தி, துலங்கும் இடம் மூன்றும் உண்டு. பெரும்பாலான துலங்கல் வளர்ச்சியின் வழியாக வருவதால் மெதுவாகத் தெரிகிறது. ஆனால் எல்லாம் மெதுவு என்று நினைத்தால் அதுவும் தவறு.

வேகமான செடிகள்

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை நொடியில் மடிகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலும் சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்திலும் சிறு புடைப்பு உண்டு. தொடுகை ஒரு மின்துடிப்பை எழுப்புகிறது. அது நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் போய்ச் சேர்ந்ததும், புடைப்பின் ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. அந்தப் பக்கம் தளர்ந்து இலை தொங்குகிறது. தசை இல்லை, தண்ணீரின் அழுத்தம்தான். ஜகதீஷ் சந்திர போஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய மின்மாற்றங்களை நுட்பமான கருவிகளால் பதிவு செய்து காட்டினார். அவர் அளந்த மின்துடிப்புகள் உண்மையானவை. செடிகளுக்கு நரம்பு மண்டலம் உண்டு என்று அவர் அதிலிருந்து போன தூரத்துக்கு நான் போக மாட்டேன்.

எனக்குப் பிடித்தது வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற பூச்சியுண்ணும் செடி. அதன் பொறியிலையின் உட்புறம் மெல்லிய உணர்மயிர்கள் இருக்கின்றன. ஒரு முறை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் 20 நொடிக்குள் இன்னொரு முறை தொட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். மழைத்துளியோ தூசியோ விழுந்து ஏமாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. மூடிய பிறகு உள்ளே பூச்சி துடிக்கத் துடிக்கத் தொடுகைகள் கூடும். ஐந்தைத் தாண்டினால் செரிமான நொதிகள் சுரக்கின்றன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. செடி எண்ணுகிறதா? எண்ணுகிறது என்று சொல்வதில் தவறில்லை, நாம் விரல்விட்டு எண்ணுவது போல என்று நினைக்காத வரைக்கும். முதல் தொடுகையில் செல்லுக்குள் கால்சியம் கொஞ்சம் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இறங்குவதற்குள் இரண்டாவது தொடுகை வந்தால் தேவையான அளவைத் தாண்டிவிடுகிறது.

செடிக்கு வலிக்குமா?

2018-இல் வெளியான ஓர் ஆய்வின் காட்சிப்பதிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு சிறு செடியின் இலையைப் புழு கடிக்கிறது. ஒளிரும்படி மாற்றியமைக்கப்பட்ட அந்தச் செடியில், கடித்த இடத்திலிருந்து கால்சியம் அலை ஒன்று ஒளியாகப் பரவி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. காயம்பட்ட செல்களிலிருந்து கசியும் குளுட்டமேட் அதைத் தொடங்கி வைக்கிறது. தூரத்து இலைகள் தற்காப்பு வேதிப்பொருள்களைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. குளுட்டமேட் நம் மூளையிலும் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் பொருள் என்பதால் ‘செடிக்கும் நரம்பு, செடிக்கும் வலி’ என்று தலைப்புகள் பறந்தன.

ஒரே பொருள் இருப்பதால் ஒரே அனுபவம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அசிட்டைல்கோலின் ஒரே உடலுக்குள்ளேயே இரண்டு எதிரெதிர் வேலை செய்வதைப் பார்த்தோம். தண்டுவடம் துண்டிக்கப்பட்டவரின் கால், வலியே இல்லாமல் விலகுவதையும் பார்த்தோம். மனிதரிடத்திலேயே துலங்கல் மட்டும் வலிக்குச் சான்றாகாதபோது, செய்திகளைச் சேர்த்து உணர்வாக்கும் மூளை போன்ற அமைப்பு எதுவும் காணப்படாத செடியிடம் அதை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்வது?

1966-இல் அமெரிக்காவில் கிளீவ் பேக்ஸ்டர் என்ற பொய் கண்டறியும் கருவி நிபுணர், தன் அலுவலகச் செடியில் அந்தக் கருவியை மாட்டிப் பார்த்து, செடி தன் எண்ணத்தையே அறிகிறது என்றார். உவர்நீரில் வாழும் நுண்ணிய இறால் வகை உயிர்கள் சாகும்போது செடி பதறுகிறது என்றும் சொன்னார். 1975-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனமாகக் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கதை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, மயக்க மருந்து செடியையும் மயக்குகிறதே? இது வலுவான கேள்வி. பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொட்டாற்சிணுங்கியை ஈதர் என்ற மயக்க மருந்தின் ஆவியில் வைத்தார். தொட்டால் அது மடியவில்லை; ஈதர் நீங்கியதும் மீண்டும் மடிந்தது. வீனஸ் ஃப்ளைட்ராப்பும் ஈதரில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மயங்குகிறது என்றால் அதற்கு முன் விழிப்பு இருந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஆனால் ஈதர் வேலை செய்வது செல் சவ்வின் மீதும் அதிலுள்ள நுண்வாயில்களின் மீதும். அவை சரியாக இயங்காவிட்டால் மின்துடிப்பு எழாது, செய்தி போகாது, இலை மடியாது. நம் மூளையில் அந்தத் துடிப்புகள் குலைந்தால் விழிப்பு போகிறது. செடியில் அவை நின்றால் நின்றுபோவது இலையின் அசைவு.